எண்ணைச் சொன்னது யார்? லினக்ஸ் கணினியில் உணரி இயக்கிகளின் வரலாறு



லினக்ஸ் பொருத்திய ஒரு பழைய கணினி உங்கள் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கருந்திரையில் ‘சென்சார்ஸ்’ என்ற கட்டளையைத் தட்டுகிறீர்கள். வரிசையாக எண்கள் வந்து விழுகின்றன. விசிறியின் வேகம் 0. ஒரு வெப்பநிலை 127 பாகை. 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 3.15 வோல்ட். ஆனால் விசிறி ஓடும் சத்தம் காதில் கேட்கிறது. பெட்டியைத் தொட்டால் வெதுவெதுப்புக்கூட இல்லை. கணினியும் ஒழுங்காக வேலை செய்கிறது. இப்போது எதை நம்புவது? கண்ணையா, காதையா, எண்ணையா?

“இந்த மென்பொருளே சரியில்லை” என்று தள்ளிவிடுவது எளிது. “கணினி கெட்டுப்போச்சு, தூக்கிப் போடு” என்று சொல்வது அதைவிட எளிது. இரண்டுமே அவசர முடிவுதான். திரையில் தெரியும் அந்த எண் நான்கு கை மாறி நம்மிடம் வருகிறது. முதலில் அளக்கும் சில்லு. அடுத்து அந்தச் சில்லுக்குப் போகும் மின்பாதை. மூன்றாவது, அதைப் படிக்கும் இயக்கி. நான்காவது, படித்ததை நமக்குப் புரியும் அளவாக மாற்றும் அமைப்புக் கோப்பு. ஒவ்வொரு கைக்கும் ஒரு வரலாறு உண்டு. பிழை எங்கே நுழைந்தது என்பதை அந்த வரலாறு தெரிந்தவர் விரைவில் கண்டுபிடிப்பார். இந்தக் கட்டுரை அந்த வரலாற்றைத்தான் சொல்கிறது.

பெயர் சொல்லத் தெரியாத சில்லுகள்

கதை தொலைக்காட்சிப் பெட்டியில் தொடங்குகிறது. 1982இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் ஒரே பலகையில் உள்ள சில்லுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு மின்பாதையை உருவாக்கியது. அதன் பெயர் ஐ-ஸ்குவேர்டு-சி. மொத்தம் இரண்டே கம்பிகள். ஒன்று தரவுக்கு, மற்றொன்று தாளம் தட்டுவதற்கு. பாதையில் உள்ள ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. ஏழு இலக்க இரும எண் என்பதால் மொத்தம் 128 முகவரிகள்தாம் சாத்தியம். மலிவானது, எளிமையானது. ஆகவே வேகமாகப் பரவியது.

ஆனால் ஒரு குறை இருந்தது. “நீ யார்?” என்று கேட்டால் பதில் சொல்லும் கடமை இந்தப் பாதையில் இருந்த சில்லுகளுக்கு இல்லை. இன்று நீங்கள் யுஎஸ்பி கருவி ஒன்றைச் செருகினால், அது தன்னை உருவாக்கிய நிறுவனத்தின் எண்ணையும் தன் மாதிரி எண்ணையும் தானே சொல்லிவிடும். ஐ-ஸ்குவேர்டு-சி சில்லு அப்படிச் சொல்லாது. தொலைக்காட்சி செய்பவருக்கு அது ஒரு பிரச்சினையே அல்ல. எந்தச் சில்லை எங்கே வைத்தோம் என்பது அவருக்குத் தெரியும். யாரோ செய்த பலகையில் யாரோ எழுதிய மென்பொருள் ஓடும் கணினி உலகில்தான் அது சிக்கலானது.

1995இல் இன்டெல் நிறுவனம் இதே முறையைத் தழுவி எஸ்எம்பஸ் என்ற பாதையைக் கணினிகளுக்காக வரையறுத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் எல்எம்75, எல்எம்78 என்ற சில்லுகளை வெளியிட்டது. இந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. 1970களின் தொடக்கத்திலேயே பினாங்கு பாயான் லெப்பாசில் ஆலை அமைத்த நிறுவனங்களுள் இதுவும் ஒன்று. 2011இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இதை வாங்கிக்கொண்டது.

எல்எம்75 வெப்பநிலையை மட்டும் அளக்கும். எல்எம்78 வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறி வேகம் மூன்றையும் அளக்கும். எல்எம்75 சில்லில் தன் அடையாளத்தைச் சொல்லும் பதிவகமே கிடையாது. “உள்ளே இருக்கும் எண்கள் இப்படி இப்படி அமைந்திருந்தால், இது எல்எம்75ஆக இருக்கலாம்” என்று இயக்கி ஊகிக்கத்தான் முடியும். இந்த ஊகம்தான் பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு விதை.

தன்னார்வலர்கள் எழுதிய இயக்கிகள்

பலகை செய்யும் நிறுவனங்கள் இந்தச் சில்லுகளைப் படிக்கும் மென்பொருளை விண்டோசுக்கு மட்டும் கொடுத்தன. லினக்ஸ் பயனர்களுக்கு யாரும் எதுவும் தரவில்லை. 1990களின் இறுதியில் அலெக்சாண்டர் லார்சன் எல்எம்78 சில்லுக்கு ஒரு சிறு தொகுப்பு எழுதினார். அதைப் பின்பற்றி ஃப்ரோடோ லோயார்ட், பிலிப் எடல்புரோக் ஆகியோர் ‘எல்எம் சென்சார்ஸ்’ திட்டத்தைத் தொடங்கினர். பெயரில் உள்ள ‘எல்எம்’ அந்தச் சில்லுகளின் நினைவாக ஒட்டிக்கொண்டது. இன்று அந்தத் தொகுப்பு எத்தனையோ நிறுவனங்களின் சில்லுகளைப் படிக்கிறது, பெயர் மட்டும் மாறவில்லை.

பலகையில் என்ன சில்லு இருக்கிறது என்று பயனருக்குத் தெரியாது. எனவே ‘சென்சார்ஸ்-டிடெக்ட்’ என்ற தேடும் நிரலை எழுதினார்கள். ஒவ்வொரு முகவரியாகக் கதவைத் தட்டி, “யாராவது இருக்கிறீர்களா?” என்று அது கேட்கும். பதில் வந்தால் உள்ளே எட்டிப் பார்த்து ஆளை ஊகிக்கும். இன்றும் உணரி தெரியாத கணினியில் முதலில் ஓட்ட வேண்டியது இந்த நிரலைத்தான்.

தட்டியதால் உடைந்த கதவு

2000களின் தொடக்கத்தில் ஒரு விபரீதம் நடந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றில் இந்தத் தேடலை ஓட்டியவர்கள், கணினியை மறுபடியும் தொடங்கியபோது அது எழவே இல்லை. திரையில் பிழைச்செய்தி மட்டும் வந்தது.

காரணம் என்ன? அந்த மடிக்கணினிகளில் 24ஆர்எஃப்08 என்ற நினைவகச் சில்லு இருந்தது. கணினி தொடங்குவதற்குத் தேவையான அமைப்புத் தகவல்கள் அதில் சேமிக்கப்பட்டிருந்தன. தேடும் நிரல் கதவைத் தட்டிய முறை இதுதான்: “எழுதப்போகிறேன்” என்று சைகை கொடுத்து, எதையும் எழுதாமல் விலகிவிடுவது. பெரும்பாலான சில்லுகளுக்கு இதனால் எந்தக் கேடும் இல்லை. இந்தச் சில்லு மட்டும் அந்தச் சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டு, தன்னுள் இருந்த தகவலைக் குலைத்துக்கொண்டது.

மாணவர்களே, இங்கே யார் குற்றவாளி? நிரல் எழுதியவர் பாதையின் விதியை மீறவில்லை. மடிக்கணினி செய்தவர்கள் இப்படி ஒரு தேடல் நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. தன் பெயரைச் சொல்லாத சில்லு, ஊகித்தே ஆக வேண்டிய நிரல் என்ற இரண்டும் சந்தித்த இடத்தில் விபத்து நடந்தது. ஒரு நிகழ்வுக்கு ஒரே காரணம் தேடாதீர்கள் என்று வரலாற்றுப் பாடத்தில் சொல்வோமே, அது இங்கேயும் பொருந்தும்.

விபத்துக்குப் பிறகு வந்த மாற்றங்களைப் பாருங்க. ஐபிஎம் கணினி என்று தெரிந்தால் எஸ்எம்பஸ் இயக்கிகளுள் ஒன்று வேலை செய்ய மறுத்துவிடும்படி எழுதப்பட்டது. நினைவகச் சில்லுகள் இருக்கக்கூடிய முகவரிகளில் எழுதும் சைகையை விட்டுவிட்டு, படிக்கும் சைகையால் தட்டும் முறை வந்தது. 24ஆர்எஃப்08 என்ற பெயரைச் சொல்லும் ஒரு பாதுகாப்பு வரி லினக்ஸ் கெர்னலின் மூல நிரலிலேயே சேர்க்கப்பட்டது.

இதிலிருந்து நமக்கு ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. தேடும் நிரல் ஒவ்வொரு கட்டத்திலும் அனுமதி கேட்கும். அது முன்வைக்கும் விடையை அப்படியே ஏற்றுக்கொண்டு போங்கள். “வேண்டாம்” என்று அது பரிந்துரைக்கும் இடத்தில், காரணம் தெரியாமல் “சரி” என்று தட்டாதீர்கள். அந்த “வேண்டாம்” யாரோ ஒருவருடைய கணினி பாழானதால் வந்ததாக இருக்கலாம்.

எண்கள் ஏன் பொய்போல் தெரிகின்றன?

சரி, சில்லு கிடைத்துவிட்டது, இயக்கியும் ஏறிவிட்டது. எண்கள் மட்டும் ஏறுக்கு மாறாக இருக்கின்றன. முதலில் பார்த்த மூன்று எண்களுக்கே திரும்புவோம்.

முதலாவது, 3.15 வோல்ட். எல்எம்78 சில்லால் ஏறத்தாழ 4 வோல்ட் வரைதான் அளக்க முடியும். 12 வோல்ட்டை நேராக அதற்குள் விட முடியாது. எனவே பலகை செய்பவர் இரண்டு மின்தடைகளைப் போட்டு அழுத்தத்தைக் குறைத்து அனுப்புவார். 28 கிலோ ஓம், 10 கிலோ ஓம் தடைகளைப் பயன்படுத்தினால், 12 வோல்ட் 3.8இல் ஒரு பங்காகக் குறைந்து, கிட்டத்தட்ட 3.16 வோல்ட்டாகச் சில்லை அடையும். சில்லு உண்மையைத்தான் சொல்கிறது, தனக்கு வந்ததைச் சொல்கிறது. அதை 3.8ஆல் பெருக்கிக் காட்டுவது அமைப்புக் கோப்பின் வேலை. பெருக்கும் வரி கோப்பில் இல்லாவிட்டால் 3.15 என்றுதான் தெரியும். எந்தத் தடைகளைப் போடுவது என்பது ஒவ்வொரு பலகை நிறுவனத்தின் விருப்பம். ஆகவே எல்லாப் பலகைக்கும் பொருந்தும் ஒரே கோப்பு கிடையாது. தொடக்கத் திரையில் வன்பொருள் நிலவரப் பக்கம் இருந்தால், அங்கே காட்டும் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பெருக்கும் எண்ணைச் சரிசெய்யலாம்.

இரண்டாவது, விசிறி 0. இது ஒரு நல்ல கணக்கு. எல்எம்78 வகைச் சில்லு விசிறி எத்தனை முறை சுற்றியது என்று எண்ணுவதில்லை. ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைத் தன் கடிகாரத் துடிப்புகளால் எண்ணுகிறது. விசிறி மெதுவாகச் சுற்றினால் எண்ணிக்கை கூடும். அந்த எண்ணிக்கைக்கு எட்டு இருமங்கள்தாம் இடம், அதாவது 255தான் உச்சம். நிமிடச் சுழற்சியைக் கண்டுபிடிக்க, 1,350,000ஐ எண்ணிக்கையாலும் ‘வகுப்பான்’ என்ற அமைப்பு எண்ணாலும் வகுக்க வேண்டும்.

வகுப்பான் 2 என்று இருக்கிறது, விசிறி நிமிடத்துக்கு 2000 முறை சுற்றுகிறது. எண்ணிக்கை எவ்வளவு வரும்? 1,350,000ஐ 4000ஆல் வகுத்தால் 337க்கு மேல். 255ஐத் தாண்டிவிட்டது. சில்லு கையை விரித்துவிடும். திரையில் 0 என்று வரும். வகுப்பானை 4ஆக மாற்றினால் எண்ணிக்கை 169, அளவும் 2000க்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்தச் சில்லுகள் வந்த காலத்தில் விசிறிகள் வேகமாகச் சுற்றின. பிற்காலத்தில் சத்தம் குறைந்த, மெதுவான விசிறிகள் வந்தன. சில்லும் விசிறியும் கெடவில்லை. காலம் மாறியது, அமைப்பு மாறவில்லை. அவ்வளவுதான்.

மூன்றாவது, 127 பாகை. எட்டு இருமங்களில் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 127. சில்லில் மூன்று வெப்ப உள்ளீடுகள் இருக்கும், பலகை செய்தவர் இரண்டில் மட்டும் உணரியை இணைத்திருப்பார். மூன்றாவது வெறும் கம்பிமுனை. அது 127 என்றோ, கழித்தல் 128 என்றோ ஓரத்து எண்ணில் போய் நிற்கும். கணினி வேலை செய்தாலும் ஓய்ந்தாலும் அசையாத எண் என்றால், அங்கே உணரியே இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அமைப்புக் கோப்பில் அந்த வரியை மறைத்துவிடலாம்.

கெர்னல் மாறியபோது

2003 டிசம்பரில் லினக்ஸ் கெர்னல் 2.6 வெளியானது. அதுவரை உணரி அளவுகள் ‘ப்ராக்’ என்ற கோப்பகத்தின் கீழ்த் தெரிந்தன. அதன்பின் ‘சிஸ்’ என்ற கோப்பகத்துக்கு மாறின. அலகுகளும் ஒழுங்குபட்டன. வெப்பநிலை ஆயிரத்தில் ஒரு பாகைக் கணக்கில் எழுதப்படும். 45000 என்று கண்டால் பயப்பட வேண்டாம், அது 45 பாகைதான். பழைய வழிகாட்டியைப் பார்த்துப் பழைய இடத்தில் தேடுபவருக்கு, இயக்கி ஒழுங்காக ஓடினாலும் எதுவும் அகப்படாது. எனவே ஒரு தீர்வைப் படிக்கும்போது, அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள்.

2007இல் எல்எம் சென்சார்ஸ் தொகுப்பின் மூன்றாம் தலைமுறை வந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு புதுச் சில்லின் பெயரையும் தொகுப்பின் நூலகத்துக்குத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. கெர்னல் ஒரே ஒழுங்கில் எண்களைத் தரத் தொடங்கியதும் அந்தத் தேவை ஒழிந்தது. ஜான் டெல்வார், குந்தர் ரோக் போன்றோர் பல ஆண்டுகள் இந்த இயக்கிகளைப் பராமரித்து வந்துள்ளனர்.

ஒரு சில்லுக்கு இரண்டு எசமானர்கள்

2009இல் பலர் கெர்னலைப் புதுப்பித்ததும் உணரிகள் காணாமல்போயின. நேற்று வரை ஓடிய இயக்கி, “கருவி வேறு பயன்பாட்டில் உள்ளது” என்ற பொருளில் பிழை காட்டி நின்றுவிட்டது.

இதன் வேர் 1996இல் இருக்கிறது. அந்த ஆண்டு இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா நிறுவனங்கள் ஏசிபிஐ என்ற மின்மேலாண்மை முறையை வெளியிட்டன. அதன்படி, பலகையில் பதிந்துள்ள அடிப்படை நிரலும் கணினி ஓடும்போதே வன்பொருளைத் தொடலாம். உணரிச் சில்லையும் அது தொடும். லினக்ஸ் இயக்கியும் அதே சில்லைத் தொடும்.

அப்படித் தொட்டால் என்ன ஆகும்? இந்தச் சில்லுகளில் பலவற்றுக்கு இரண்டு வாசல்கள். முதல் வாசலில் “எத்தனையாவது அறை” என்று சொல்ல வேண்டும், இரண்டாம் வாசலில் மதிப்பைக் கொடுக்க வேண்டும். இயக்கி “5ஆம் அறை” என்கிறது. அது மதிப்பைக் கொடுப்பதற்குள் அடிப்படை நிரல் குறுக்கே புகுந்து “9ஆம் அறை” என்கிறது. இயக்கி கொடுத்த மதிப்பு 9ஆம் அறைக்குள் போய்விடும். அந்த அறை விசிறியின் வேகத்தைத் தீர்மானிப்பதாக இருந்தால் விசிறியே நின்றுபோகலாம்.

இந்த ஆபத்தைத் தவிர்க்கவே, அடிப்படை நிரல் உரிமை கோரும் இடத்தை இயக்கி தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டைக் கெர்னல் 2.6.31 இயல்பாகவே விதித்தது. இதைத் தளர்த்த ஒரு தொடக்க அளபுரு இருக்கிறது. பல இடங்களில் அதையே தீர்வாகச் சொல்வார்கள். எண் தெரியும், ஆனால் காவலைக் கழற்றிவிட்டுத் தெரிகிறது. அதைவிட நல்ல வழி, அடிப்படை நிரல் வழியாகவே அளவைக் கேட்கும் இயக்கி உங்கள் பலகைக்கு இருக்கிறதா என்று பார்ப்பது. ஏசஸ் பலகைகள் பலவற்றுக்கு அப்படி ஓர் இயக்கி கெர்னலிலேயே உண்டு.

20 பாகை கூடுதல்

2017இல் ஏஎம்டி நிறுவனம் ரைசன் செயலிகளை வெளியிட்டது. 1700எக்ஸ், 1800எக்ஸ் மாதிரிகளை வாங்கியவர்கள் வெப்பநிலையைப் பார்த்துத் திகைத்தனர். செயலி உண்மையான சூட்டைவிட 20 பாகை கூட்டிச் சொன்னது. கோளாறு அல்ல, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. வெவ்வேறு மாதிரிகளிலும் விசிறிகள் ஒரே விதமாக வேலை செய்ய வேண்டும் என்பதற்காக அந்த எண் நகர்த்தப்பட்டிருந்தது. நிறுவனம் இதை வெளிப்படையாக அறிவித்த பிறகு, லினக்ஸ் இயக்கியில் கழிக்க வேண்டிய அளவு சேர்க்கப்பட்டது. அந்த எண் விசிறியைக் கட்டுப்படுத்தப் பிறந்தது. அதை மனிதர் படித்ததால்தான் குழப்பம்.

எங்கே தேடுவது?

இவ்வளவு வரலாறும் ஒரு சிறு தேடல் முறையாகச் சுருங்கும். எந்த உணரியுமே தெரியவில்லையா? தேடும் நிரலை ஓட்டுங்கள். ‘டிமெசேஜ்’ கட்டளையால் கெர்னலின் செய்திப் பதிவைப் படியுங்கள். சில்லு கெர்னலைவிடப் புதியதாக இருந்தால், கெர்னலைப் புதுப்பிப்பதே தீர்வு. இயக்கி ஏற மறுக்கிறதா? உரிமைப் போட்டியைச் சந்தேகியுங்கள். எண் வருகிறது, ஆனால் விகிதம் தவறுகிறதா? அமைப்புக் கோப்பைப் பாருங்கள். எண் அசையாமல் ஓரத்தில் நிற்கிறதா? அங்கே கம்பியே இல்லாமல் இருக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. விசிறி 0 என்று தெரிந்தால், அமைப்பை மாற்றும் முன் பெட்டியைத் திறந்து கண்ணால் பாருங்கள். “அது எப்போதும் 0 என்றுதான் காட்டும்” என்று பழகிவிட்டவர், விசிறி உண்மையிலேயே நின்ற நாளில் கவனிக்கமாட்டார். நம் நாட்டு வெயிலில், குளிரூட்டி இல்லாத கணினிக்கூடத்தில், நின்றுபோன விசிறி வேடிக்கை அல்ல. தவறான எண்ணை நம்புவதால் நல்ல கணினி குப்பைக்குப் போகும். சரியான எண்ணைத் தள்ளுவதால் நல்ல கணினி கருகும். எண்ணைச் சொன்னது யார், எதை அளந்து சொன்னார், வழியில் யார் மாற்றினார் என்று கேட்கப் பழகுவதுதான் இரண்டுக்கும் மருந்து.

வகுப்பில் கலந்துரையாட

1. திங்க்பேட் விபத்துக்கான காரணங்களை உடனடிக் காரணம், அடிப்படைக் காரணம் என வகைப்படுத்தி எழுதுக.

2. வகுப்பான் 4ஆக இருக்கும்போது, விசிறி நிமிடத்துக்கு 1200 முறை சுற்றினால் திரையில் என்ன தெரியும்? ஏன்? எந்த வகுப்பானுக்கு மாற்ற வேண்டும்?

3. “பாதுகாப்புக்காக விதித்த கட்டுப்பாடு பயனருக்குத் தொல்லையாகத் தெரிகிறது.” 2009ஆம் ஆண்டு மாற்றத்தைச் சான்றாகக் கொண்டு இக்கூற்றை ஆராய்க.